கேளுங்க அண்ணாச்சிட்ட: அருவாளுக்கு முந்தி நடந்த கதை

போன இதழ்ல, குற்றம் எங்கன இருந்து வருது, அது முடிஞ்ச பொறவு யாரு தலையில போயி விழுதுன்னு உங்க சந்தேகத்த எழுதச் சொல்லியிருந்தேன். பத்து பேரு எழுதுவாவன்னு பாத்தா கடுதாசியும் வாட்ஸ்அப்பும் குமிஞ்சு போச்சு. எல்லாத்துக்கும் பதில் சொல்ல இடம் கெடையாது, சிலது ரெண்டு வரியில முடியும், சிலது லேசுல முடியாது. புதுசா வாசிக்கவங்களுக்கு ஒரு விசயம், நான் வக்கீலும் இல்ல போலீசும் இல்ல, பாளையங்கோட்டை கோர்ட்டுல 32 வருசம் வக்கீல் குமாஸ்தாவா கேஸ் கட்டு தூக்குன ஆளு. வராந்தாவுல நின்னு பாத்ததத்தான் சொல்லுதேன்.

பேரு வேண்டாம்னு எழுதுன ஒரு அம்மா, முக்கூடல் பக்கம்:
அண்ணாச்சி, எம்மவன் பிளஸ் ஒன் படிக்கான். ஆறு மாசமா கையில கலர் கயிறு கட்டிட்டு திரியுதான், கழட்டுலன்னா மொறைக்கான். போன வாரம் அவன் போன எடுத்து பாத்தேன், எவனுக்கோ பொறந்தநாளாம், அருவாள வச்சு கேக்கு வெட்டுதானுவ, இவன் பக்கத்துல நின்னு சிரிக்கான். நான் பீடி சுத்தி படிக்க வைக்கேன், அவங்க அப்பா திருப்பூர்ல இருக்காவ. இது சின்னப்புள்ள வெளாட்டா, இல்ல பயப்படணுமா? யார்கிட்டயும் வாயத் தொறந்து சொல்லவும் முடியல.

தாயி, பயப்படத்தான் வேணும். ஆனா அந்தப் பயத்த அவன் மேல கொட்டாதீங்க, இன்னும் தள்ளிப் போயிருவான்.

அது வெறும் கயிறு இல்ல, சாதியக் காட்டுத கயிறுன்னு உங்களுக்கே தெரியும், அதான் எழுதியிருக்கிய. 2022 ஏப்ரல்ல நம்ம அம்பாசமுத்திரம் பக்கத்துல ஒரு அரசுப் பள்ளிக்கூடத்துல இதே கயித்துத் தகராறுதான், அடிபட்ட பிளஸ் டூ பையன் ஆஸ்பத்திரியில செத்தே போனான். அடுத்த வருசம் ஆகஸ்ட்ல நாங்குநேரி. கூடப் படிச்சவனுவளே ராத்திரி வீட்டுக்குள்ள புகுந்து ஒரு பையன வெட்டி, தடுக்க வந்த தங்கச்சிப் புள்ளையையும் வெட்டுனானுவ. அந்தப் பையன் செஞ்ச தப்பு என்னன்னா, இன்ன மாதிரி என்னைய தொந்தரவு பண்ணுதாவன்னு பள்ளிக்கூடத்துல சொன்னது. புடிபட்டவனுவ பூரா பதினெட்டு ஆகாதவனுவ. அதுக்கு பொறவுதான் அரசாங்கம் ஓய்வு பெற்ற ஐகோர்ட்டு நீதியரசர் சந்துருவ வச்சு ஒரு நபர் குழு போட்டுச்சு, 2024 ஜூன்ல அவரு குடுத்த அறிக்கையில கலர் கயிறு, மோதிரம், நெத்தியில பொட்டுன்னு சாதியக் காட்டுத எதுவும் பள்ளிக்கூடத்துக்குள்ள வரக்கூடாது, பள்ளிக்கூடத்துப் பேருலயும் சாதி ஒட்டிக்கிட்டு இருக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு.

நான் பாத்த ஒண்ண சொல்லுதேன். இளைஞர் நீதிக் குழுமத்துல, அதான் பதினெட்டு ஆகாதவங்க கேஸ விசாரிக்க எடம், ஒரு பையன கூட்டிட்டு வந்து உக்கார வச்சிருந்தாவ, பதினாறு வயசு இருக்கும், மீசை இன்னும் ஒழுங்கா மொளைக்கல, பெஞ்சுக்கு அடியில காலாட்டிக்கிட்டே இருக்கான். எங்க வக்கீலய்யா மெதுவா கேட்டாவ, ஏம்ப்பா வெட்டுன, அவன் உனக்கு என்ன செஞ்சான்னு. அவன் கொஞ்ச நேரம் யோசிச்சான், நெசமாவே யோசிச்சான் பாத்துக்கிடுங்க, அப்புறம் சொல்லுதான், "அண்ணன் சொன்னாவ."

இந்த "அண்ணன்" யாருன்னு பாருங்க தாயி, சோலியே அங்கதான் கெடக்கு. இருபத்தெட்டு முப்பது வயசுல ஊருக்கு ஒருத்தன் இருப்பான், சாயந்தரம் பயலுவளுக்கு பரோட்டா வாங்கிக் குடுப்பான், பைக்குக்கு பெட்ரோல் போடுவான், செல்லுக்கு ரீசார்ஜ் பண்ணுவான், "நம்மாளுல நீ"ன்னு தோள்ல கை போடுவான். வீட்டுல அப்பன் வெளியூர்ல, அம்மா ராத்திரி பன்னெண்டு வரைக்கும் பீடித் தட்டோட உக்காந்திருக்கா, பள்ளிக்கூடத்துல கடைசி பெஞ்சு, ஒருத்தனும் மதிக்கல, அப்ப அந்த தோள்ல விழுந்த கை இருக்கே, அது எம்மாம் பெருசா தெரியும் அந்தப் பயலுக்கு. கடைசியில எஃப்.ஐ.ஆர்ல பய பேரு இருக்கும், அண்ணன் பேரு இருக்காது, அண்ணன் அன்னைக்கு திருச்செந்தூர்ல சாமி கும்புட்டதுக்கு சாட்சியே வச்சிருப்பான். சதர்லேண்டுன்னு ஒரு அமெரிக்க வாத்தியாரு 1939லயே சொல்லிட்டாரு, குற்றம் ரத்தத்துல வாரதில்ல, நெருங்கிப் பழகுதவன் கிட்ட இருந்து தொழில் படிக்க மாதிரி படிக்கது, எப்டி செய்யணுங்கிறதோட ஏன் செய்யலாங்கிற நியாயத்தையும் சேத்தே படிக்கதுன்னு. நம்ம சுந்தரனார் யுனிவர்சிட்டியில இதுக்குன்னே குற்றவியல் துறை இருக்கு, அங்க படிச்ச ஒரு பொண்ணு எங்க ஆபீஸ்ல வந்து உக்காந்திருக்கும்போது இத சொல்லிச்சு, நான் அந்தப் பையன் கால நெனச்சுக்கிட்டேன்.

அதனால நீங்க கயித்தோட சண்டை போடாதீங்க. அவன் போனுக்கு ரீசார்ஜ் யாரு பண்ணுதான்னு பாருங்க. அவங்க அப்பாவ தெனம் ராத்திரி ஒரு பத்து நிமிசம் அவன்கிட்ட பேசச் சொல்லுங்க, மார்க்கு பத்தி வேண்டாம், சாப்ட்டியா என்ன செஞ்சன்னு, அது போதும். அவன் மதிக்கிற வாத்தியாரோ, மாமனோ, கபடிக்கு கூட்டிட்டுப் போற ஆளோ ஒருத்தராவது இருப்பாவ, அவங்க காதுல போடுங்க. 1098க்கு போன் பண்ணலாம், அது புள்ளைங்களுக்கான லைன், உங்கள குத்தவாளி கூண்டுல நிறுத்த மாட்டாவ.

ஒண்ணே ஒண்ணு மட்டும் செய்யாதீங்க. "ஸ்டேஷனுக்கு கூட்டிட்டுப் போயி ஏட்டய்யாட்ட சொல்லி நாலு தட்டு தட்டச் சொல்லுவோம்"னு யாராவது யோசனை சொல்லுவாவ. வேண்டாம். தப்பு செய்யாத பையன ஸ்டேஷன் படி ஏத்தி எறக்கினா, அவன் திரும்பி வரும்போது அந்த "அண்ணன்" வாசல்ல நிப்பான், "பாத்தியால, உன் வீட்டுல உள்ளவளே உன்னைய புடிச்சுக் குடுத்துட்டா"ன்னு. சட்டமும் தெரிஞ்சு வச்சுக்கிடுங்க, பதினெட்டுக்குள்ள இருந்தா செயில் கெடையாது, கூர்நோக்கு இல்லம்தான், ஆனா 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி பதினாறு தாண்டுனவன் கொலை மாதிரி கொடுங்குற்றம் செஞ்சா பெரிய ஆளு மாதிரியே விசாரிக்கலாமான்னு குழுமம் பாக்கும். "மைனர்தானல, ஒண்ணும் ஆகாது, நீ செய்யி"ன்னு அண்ணன்மாரு சொல்லுததுல பாதி பொய்.

கல்லூரி மாணவர், மேலப்பாளையம்:
சென்னையில ரூம்ல எல்லாரும் "திருநெல்வேலியா, அருவா எங்க வச்சிருக்க"ன்னு ஓட்டுறாங்க. நம்ம ஊர் தண்ணியிலயே கோவம் இருக்குன்னு ஒருத்தன் சீரியஸா சொல்றான். அப்டி ஏதாவது இருக்கா?

தாமிரபரணித் தண்ணியில கோவம் இருந்தா அல்வாவும் காரமா இருந்திருக்கணுமேன்னு கேளுங்க தம்பி.

வெளாட்டு போகட்டும், இந்த யோசனை ரொம்ப பழைய வெசம். 1876ல இத்தாலியில லோம்ப்ரோசோன்னு ஒரு டாக்டரு, தாடையையும் மண்டையையும் அளந்து பாத்து இவன் பொறவியிலயே குத்தவாளின்னு சொல்லிரலாம்னு புஸ்தகம் போட்டாரு. அதுக்கு அஞ்சு வருசம் முன்னகூடியே வெள்ளக்காரன் இங்க அத சட்டமாவே ஆக்கிட்டான், 1871 குற்றப்பரம்பரைச் சட்டம், சென்னை மாகாணத்துக்கு அது 1911ல வந்துச்சு. ஒரு சாதியவே பட்டியல்ல சேத்துட்டா, திருடுனவனும் திருடாதவனும் கைரேகை வைக்கணும், வெளியூரு போகணும்னா அனுமதிச் சீட்டு வாங்கணும். தெக்க உள்ள எத்தனையோ குடும்பம் இதுல மாட்டுச்சு. உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூர்ல 1920 ஏப்ரல் 3ம் தேதி, கைரேகை வைக்க மாட்டோம்னு நின்னவங்கள சுட்டே கொன்னாவ. இங்க 1947லயும் நாடு முழுக்க 1952லயும்தான் அது ஒழிஞ்சுது. சட்டம் போச்சு, ஆனா ஒரு ஊர்ப்பேர சொன்ன உடனே போலீஸ்காரரு புருவம் ஏறுதது இன்னும் போகல. அருவா இங்க வாழைத்தார் வெட்டவும் தேங்கா வெட்டவும் வீட்டுக்கு வீடு கெடக்கும், தம்பி, உங்க ரூம்மேட் வீட்டுல காய்கறிக் கத்தி கெடக்கிற மாதிரி.

கடை வச்சிருக்கவர், டவுண்:
ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வெட்டு குத்துன்னு பேப்பர்ல வருது. கோர்ட்டு கேஸுன்னு இழுக்காம ரெண்டு பேர நடுரோட்டுல சுட்டுத் தள்ளுனா மத்தவன் அடங்குவானா மாட்டானா? நேராப் பதில் சொல்லும்.

நேராவே சொல்லுதேன் வே, அடங்க மாட்டான். ஏன்னா அருவாளத் தூக்குதவன் "மாட்டுனா என்ன தண்டனை"ன்னு கணக்கு போட்டுட்டு தூக்கல, "மாட்ட மாட்டேன்"னு நெனச்சுதான் தூக்குதான். பெக்காரியான்னு ஒரு இத்தாலிக்காரரு 1764லயே எழுதிட்டுப் போயிட்டாரு, தண்டனை கொடூரமா இருக்கணும்னு அவசியமில்ல, தப்பாம வரணும், சீக்கிரமா வரணும்னு. எரநூத்தம்பது வருசம் தாண்டியாச்சு, நாம இன்னும் கொடூரத்தப் பத்தியே பேசிக்கிட்டு இருக்கோம்.

நம்ம கோர்ட்டுல சாட்சி எப்டி கெட்டுப் போவான்னு ஒரு தடவ வந்து பாரும். ஒரு கொலை கேஸு, பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடைக்காரர்தான் கண்ணால கண்ட சாட்சி. சம்பவம் நடந்த அன்னைக்கு போலீஸ்ல அத்தனையும் சொல்லியிருக்காரு, யாரு எந்தப் பக்கம் ஓடுனான், எந்த கலர் சாரம் கட்டியிருந்தான், எல்லாம். வாய்தா மேல வாய்தா. ஜட்ஜு மாறியாச்சு, ரெண்டு தடவ அரசு வக்கீல் மாறியாச்சு. ஆறு வருசம் கழிச்சு கூண்டுல ஏறுதாரு, "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கய்யா, நான் உள்ள வடை போட்டுக்கிட்டு இருந்தேன்." பிறழ் சாட்சின்னு எழுதியாச்சு, முடிஞ்சுது. வெளிய வந்தவர்ட்ட கேட்டேன், ஏன் அண்ணாச்சி இப்டின்னு. யாரும் மெரட்டலப்பா, காசும் குடுக்கலன்னாரு. ஜாமீன்ல வந்த நாள்ல இருந்து அந்தப் பயலோட ஆளுங்க தெனம் காலையில கடைக்கு வருவானுவளாம், ஒரு வார்த்தை பேச மாட்டானுவளாம், டீ குடிச்சுட்டு கரெக்டா சில்லறைய எண்ணி வச்சுட்டுப் போவானுவளாம். ஆறு வருசம். "எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ள இருக்கு"ன்னாரு, அவ்வளவுதான்.

இப்ப செத்தவன் வீட்ட நெனச்சுப் பாரும். அவன் தம்பி அன்னைக்கு கோர்ட்டு வராந்தாவுல நிக்கான், அண்ணன் செத்தப்ப ஒம்பதாம் கிளாஸு, இப்ப ஆளாயிட்டான். விடுதலைன்னு சொன்னத கேட்டுட்டு ஒண்ணும் பேசாம எறங்கிப் போறான். அடுத்த கொலைக்கு காரணம் என்னன்னு பேப்பர்ல "முன்விரோதம்"னு ஒரு வார்த்தையில எழுதிருவாவ, அந்த முன்விரோதத்துல பாதி கோர்ட்டு வராந்தாவுல வளந்தது, எனக்குத் தெரியும்.

மாத்தி நடந்ததும் உண்டு. 2023 ஏப்ரல்ல முறப்பநாட்டுல, ஆத்து மணல் அள்ளுதத தடுத்தாருன்னு ஒரு கிராம நிர்வாக அலுவலர அவரு ஆபீஸுக்குள்ளயே வச்சு வெட்டுனாவ. அதே வருசம் செப்டம்பர்ல ரெண்டு பேருக்கும் ஆயுள் தண்டனை ஆகிப் போச்சு, அஞ்சு மாசத்துக்குள்ள. ஒரு துப்பாக்கியும் வெடிக்கல. அது மாதிரி பத்து கேஸு நடக்கட்டும், அப்புறம் பேசுவோம் அடங்குதானா இல்லியான்னு.

இன்னொண்ணு, இந்தியா செயில்ல கெடக்கவங்கள்ல ஏறக்குறைய நாலுல மூணு பேரு இன்னும் விசாரணைக் கைதி. அதுல குத்தமே செய்யாதவன் எத்தனை பேருன்னு எவனுக்குத் தெரியும். சுடச் சொல்லுதியளே, யாரன்னு பாத்து சுடுவாவ?

ஆசிரியை, சேரன்மகாதேவி:
வறுமைதான் குற்றத்துக்கு காரணம்னு பாடத்துல இருக்கு. அப்டியே சொல்லிக் குடுத்துட்டு வரேன். சரிதானா?

டீச்சர், பாதி சரி. வயித்துப் பசியில திருடுதவன் இருக்கான், பலசரக்குக் கடையில பால் பவுடர் டப்பா எடுத்த ஆளுக்கு நானே ஜாமீன் பேப்பர் எழுதியிருக்கேன். 2024 ஜூலை 1ல வந்த புது சட்டத்துல, பாரதிய நியாய சன்ஹிதா, அஞ்சாயிரம் ரூவாய்க்கு கீழ உள்ள திருட்டுல மொதத் தடவ மாட்டுனவன் பொருளத் திருப்பிக் குடுத்துட்டா சமூக சேவை பண்ண வச்சு விட்டுரலாம்னு இருக்கு, அது நல்ல ஏற்பாடு.

ஆனா வறுமை மட்டுமே காரணம்னா நம்ம மாவட்டத்துல பீடி சுத்துத பொம்பளைங்கதான் மொத குத்தவாளியா இருக்கணும். தெனம் ஆயிரம் பீடிக்கு வெரல் தேயுது, கொறை பீடின்னு கழிச்சு விடுதான், எந்தப் பொம்பளையாவது தட்டத் தூக்கி எவன் மண்டையிலயாவது அடிச்சாளா? ஆத்துல மணல் அள்ளுதவன் பசிக்கு அள்ளல. ஊரு காசப் பூரா டெபாசிட்டுனு வாங்கிட்டு ராத்திரியோட ராத்திரியா ஷட்டர எறக்குதானே, அவன் பட்டினி கெடந்தவனா? இல்லாமைய விட, பக்கத்துல உள்ளவன் கிட்ட இருக்கு எனக்கு மட்டும் வழியில்லியேங்கிற வயித்தெரிச்சல்தான் ஆள புடிச்சுத் தள்ளுது. மெர்ட்டன்னு ஒருத்தரு 1938ல இததான் சொன்னாரு, நல்லா வாழணும்னு எல்லாருக்கும் ஆசைய காட்டுதோம், போற பாதைய மட்டும் சில பேருக்கு அடைச்சு வச்சிருக்கோம்னு. புள்ளைங்களுக்கு பாடத்த நடத்துங்க, கூடவே கடைசி பெஞ்சுல வறுமையில இருக்க புள்ள தன்னைய திருடன்னு நெனச்சுக்காம பாத்துக்கிடுங்க. ஒரு பேனா காணாமப் போனா மொதல்ல யாரு பையத் தேடுதோம்னு உங்களுக்கே தெரியும்.

24 வயது, பேட்டை:
காலேஜ்ல படிக்கும்போது கோயில் கொடைத் திருவிழாவுல ஒரு தகராறு, நான் அங்க நின்னேன் அவ்வளவுதான், ஆனா கேஸ்ல ஏ9ன்னு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவங்கள்ல ஒம்பதாவது ஆளுன்னு போட்டுட்டாங்க. போன வருசம் எல்லாரையும் விடுதலை பண்ணியாச்சு. இப்ப போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வு பாஸ் பண்ணிட்டேன். ஃபாரத்துல கேஸ் இருக்கான்னு கேக்குது. இல்லன்னு போட்டா என்ன, அதான் முடிஞ்சு போச்சேங்கிறான் ஃபிரெண்டு.

அந்த ஃபிரெண்டோட சகவாசத்த மொதல்ல கொறைங்க தம்பி. மறைச்சா வேலை போனதுதான், உண்மைய எழுதுங்க, கேஸ் நம்பர், தீர்ப்பு தேதி, தீர்ப்பு நகல் எல்லாம் வச்சு எழுதுங்க. 2016ல சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புல இத வெளாவாரியா சொல்லியிருக்கு, சின்ன வயசுல நடந்த அற்ப விசயம்னா அதிகாரி பாத்து மன்னிக்கலாம், உண்மைய சொன்னவனுக்குக் கூட வேலை குடுத்தே ஆகணும்னு கட்டாயம் கெடையாது, ஆனா மறைச்சவன் நெலம அதவிட மோசம்னு.

அடுத்து உங்க தீர்ப்ப எடுத்து கடைசி பக்கத்த வாசிங்க. "குற்றம் நிரூபிக்கப்படவில்லை"ன்னு மட்டும் இருக்கா, "சந்தேகத்தின் பலனை அளித்து"ன்னு இருக்கா? ரெண்டாவது இருந்தா போலீஸ் வேலையில தடங்கல் வரும், நம்ம மாநில போலீஸ் பணி விதியில சந்தேகத்தின் பலன்ல வெளிய வந்தவன கேஸ்ல சம்மந்தப்பட்டவனாவே வைக்காவ. உடனே ஒரு நல்ல வக்கீலப் பாருங்க, என்ன வழி இருக்குன்னு அவரு சொல்லுவாரு. இந்த மூணு வார்த்தைக்காக நாப்பது வருச வாழ்க்கை தள்ளாடுதத நான் கண்ணால பாத்திருக்கேன்.

இதுல ஊரே அறிஞ்ச ரகசியம் ஒண்ணு இருக்கு. அடிதடின்னு புகார் எழுத உக்காந்தா, அடிச்சவன் நாலு பேருன்னா பன்னெண்டு பேர எழுதுவாவ, அதுலயும் தேடிப் புடிச்சு எதிர் தெருவுல எவன் படிச்சிருக்கானோ, எவன் பரீட்சைக்கு தயார் பண்ணுதானோ அவன் பேர சேப்பாவ. "அவன் கவர்மெண்டு வேலைக்கு போயிரக் கூடாதுல்லா, சேத்து விடு." அருவாள விட பேனா ஆழமா எறங்குத இடம் இது, ஒரு சொட்டு ரத்தம் வராது. நீங்க ஏ9 ஆனதுக்கும் இதுதான் காரணமா இருக்கும்னு எனக்கு படுது.

குத்தத்தோட வெளைவு செஞ்சவனோட நிக்காதுங்கிறதுக்கு பாளையங்கோட்டை சென்ட்ரல் செயில் வாசலுக்கு ஒரு நாள் காலையில போயி நில்லுங்க. மனு பாக்க வந்த கூட்டம், முக்காவாசி பொம்பளைங்க, கையில மஞ்சப்பை, அதுல பிஸ்கட்டு, வாழப்பழம், ஒரு சட்டை. எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆச்சி அம்பையில இருந்து மொத பஸ்ஸ புடிச்சு வருவா, பேரன பாக்க. போன் மாதிரி எடுத்து காதுல வச்சு பேசணும், அவளுக்கு காது கேக்காது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் பேசுதான், இவ தலைய மட்டும் ஆட்டுதா, ஆட்டிட்டு வெளிய வந்து எங்கிட்ட கேக்கா, "அவன் என்னப்பா சொன்னான்?" அவன் அக்காவுக்கு ரெண்டு தடவ பொண்ணு பாத்துட்டு போயி, "தம்பி உள்ள இருக்கானாமே"ன்னு நின்னு போச்சு. அந்த அக்கா என்ன தப்பு செஞ்சா? அவளுக்கு எந்தச் சட்டத்துல எந்தப் பிரிவு?

ஓய்வு பெற்றவர், பாளை:
சி.பி.ஐ அதிகாரின்னு வீடியோ கால்ல ஒருத்தன் வந்து, நீங்க டிஜிட்டல் அரெஸ்ட், கேமராவ விட்டு நகரக்கூடாதுன்னான். ரெண்டு மணி நேரம் அப்டியே உக்காந்திருந்தேன். வெக்கமா இருக்கு.

வெக்கப்பட வேண்டியவன் அவன் சார். டிஜிட்டல் அரெஸ்ட்டுனு எந்தச் சட்டத்துலயும் ஒண்ணு கெடையாது, எந்தப் போலீசும் வீடியோவுல கைது பண்ணாது. காசு போயிருந்தா அந்த நிமிசமே 1930க்கு அடிங்க, அது சைபர் மோசடிக்கான லைன், எவ்வளவு சீக்கிரம் சொல்லுதமோ அவ்வளவுக்கு பணத்த இடையில நிறுத்த முடியும். பக்கத்து வீட்டுக்காரர்ட்டயும் சொல்லுங்க, நீங்க வெக்கப்பட்டு மூடி வச்சா அவன் நாளைக்கு அங்க போன் போடுவான்.

ஒரு தங்கச்சி, களக்காடு:
எங்க அண்ணனை வெட்டி ரெண்டு வருசம் ஆச்சு. குத்தவாளிக்கு வக்கீல் இருக்காங்க, சாப்பாடு இருக்கு, செத்தவங்க வீட்டுக்கு எதுவுமே இல்லையா? அண்ணி ரெண்டு புள்ளைய வச்சிக்கிட்டு நிக்காங்க.

இருக்கும்மா, யாரும் சொல்லுததில்ல. பாதிக்கப்பட்டவங்களுக்கு அரசாங்கம் இழப்பீடு குடுக்கணும்னு சட்டத்துலயே இருக்கு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல பிரிவு 357ஏ, இப்ப அதுக்குப் பதிலா வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவுல பிரிவு 396. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல மனு குடுக்கணும், நம்ம பாளையங்கோட்டை கோர்ட்டு வளாகத்துல கேட்டா இடத்த காட்டுவாவ, காசு கேக்க மாட்டாவ, வக்கீலும் எலவசம். 15100க்கு போன் பண்ணாலும் வழி சொல்லுவாவ. தீர்ப்பு வார வரைக்கும் காத்திருக்கணும்னு இல்ல, இடைக்கால உதவியும் கேக்கலாம். நீங்க பட்டியல் சாதியாவோ பழங்குடியாவோ இருந்து, வெட்டுனவன் அது ரெண்டுலயும் சேராதவன்னா 1989 வன்கொடுமைச் சட்டத்துல தனியா நிவாரணம் இருக்கு, அத கலெக்டர் ஆபீஸ் வழியா பாக்கணும். எஃப்.ஐ.ஆர் நகல், போஸ்ட்மார்ட்டம் சர்ட்டிபிகேட், வாரிசு சர்ட்டிபிகேட் மூணையும் எடுத்துக்கிட்டு அண்ணிய கூட்டிட்டு போங்க. திங்கக்கிழமை கூட்டமா இருக்கும், வேற நாள்ல போங்க.

வாசகர், கல்லிடைக்குறிச்சி:
எங்க குடும்பத்து சாமி கொலை செய்யப்பட்டவர்னு தாத்தா சொல்வார். கொலையானவன எதுக்கு கும்பிடணும்? குற்றத்த சாமியாக்கிட்டோமா?

நல்ல கேள்வி கேட்டிய. நம்ம சீமையில சுத்திப் பாத்தா பாதி பீடம் இப்டித்தான், வெட்டுப்பட்டு செத்தவன், நியாயம் கெடைக்காம செத்தவ, புள்ளத்தாச்சியா கெணத்துல விழுந்தவ. பாவநாசத்துக்கு மேல காரையார்ல சொரிமுத்தய்யனார் கோயிலுக்கு ஆடி அமாவாசைக்கு போயிருப்பிய, அங்க பட்டவராயன் சன்னதியில செருப்ப காணிக்கையா போடுவாவ. பிராமணனா பொறந்து, செருப்பு தைக்கிற வீட்டுல பொம்மக்கா திம்மக்கான்னு அக்கா தங்கச்சிய கட்டிக்கிட்டு, மாடு திருட வந்தவனுவள எதுத்து நின்னு செத்த முத்துப்பட்டன்தான் அவரு. சாதிய மீறுனவன், திருட்டத் தடுத்தவன், செத்தவன், எல்லாம் ஒரே ஆளு. மலைமேல அந்தச் செருப்பு குவியலா தொங்கும்.

கொலைய சாமியாக்குனாவன்னு எனக்கு தோணல. கோர்ட்டு கச்சேரி இல்லாத காலத்துல, செத்தவன ஊரு மறந்துரக் கூடாதுன்னு ஒரு ஏற்பாடு அது, பயத்துல செஞ்சதாவே இருக்கட்டும். சும்மா விட்டா ஆவி அடிக்கும்னு பயம் இருந்துச்சு பாருங்க, அந்தப் பயம் நம்ம கிட்ட இப்ப இல்ல, கேஸ் கட்ட மூடி ரெக்கார்டு ரூம்ல போட்டா ஆவியும் உள்ள போயிரும்னு நெனைக்கோம்.

பத்து பன்னெண்டு வருசம் இருக்கும், வீரவநல்லூர் பக்கம் ஒரு கொடைக்கு போயிருந்தேன், ஊருப் பேரு வேண்டாம். வயக்காட்டுக்குள்ள ஒரு பீடம், வாய்க்கா தண்ணிச் சண்டையில வெட்டுப்பட்ட ஆளாம், அஞ்சாறு தலைமுறைக்கு முந்தி. சாமக்கொடை, வில்லுப்பாட்டு உச்சத்துல போயிக்கிட்டு இருக்கு, மாலை போடுத நேரம் வந்ததும் சாமியோட குடும்பத்துக்காரங்க அத்தனை பேரும் வெலகி வழி விடுதாவ. வேற தெருவுல இருந்து ஒரு பெரியவரு வாராரு, வேட்டிய மடிச்சுக் கட்டாம தழைய விட்டு, துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு. வெட்டுனவன் வம்சம்தான் மொத மாலை போடணும்ங்கிறது அந்த ஊரு மொறை. போட்டாரு, கை லேசா நடுங்குது, பீடத்த நிமுந்து பாக்கல. வெளிய வந்ததும் நான் சும்மா இருக்காம பக்கத்துல போயி கேட்டேன், இப்பவும் நீங்கதான் போடணுமா தாத்தான்னு. "எங்க பாட்டனுக்கு பாட்டன் செஞ்சதுய்யா, வேற யாரு போடுவா"ன்னுட்டு, சாமி குடும்பத்து ஆளு ஒருத்தரு எலை போட்டாச்சு வாங்கன்னு கைய புடிச்சு இழுக்க, சாப்பிட போயிட்டாரு.